உன் மாமனுக்குத் திருப்பி வைத்த சீர்

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போது போனை முதலில் வைத்தது நீதான். "விடும்மா, மாமா பாவம்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் "மீட்டிங் இருக்கு" என்றாய். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் என்ன மீட்டிங்கோ, அது உனக்குத்தான் வெளிச்சம். உன்னைப் பெற்றவள் பாதிப் பேச்சில் நிற்கிறேன். மீதியை இதில் எழுதிவிடுகிறேன். போனை வைப்பதுபோல இதை நடுவில் வைத்துவிட முடியாது. வைத்தாலும் திரும்ப எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும், கல்யாண மாப்பிள்ளை நீ.

நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான், மாமாவையே பட்டம் கட்டவிடு என்று. மாசியில் உன் கல்யாணம். மணவறையில் உன் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் தாய்மாமன். ஒரே தம்பி எனக்கு. உயிரோடு, அடுத்த தெருவிலேயே இருக்கிறான். அவனை விட்டுவிட்டு வேறு ஒருவர் கட்டினால் வந்தவர்கள் எல்லாம் சாப்பாட்டை மறந்துவிட்டு அதையே பேசுவார்கள். எனக்குத் தெரியாதா? அவன் உன்னிடம் போனில் அழுதானாமே. "அக்கா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குது மாப்ள, நீயாவது சொல்லு" என்றானாமே. அழட்டும். அழுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது அவனுக்கு.

உடனே "அம்மாவுக்கு வீம்பு" என்று நினைக்காதே. வீம்பு இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் வீம்புக்கு அடியில் வேறு ஒன்று இருக்கிறது. அதை நீ பெங்களூரில் இருந்துகொண்டு வாட்சப்பில் அரைகுறையாகக் கேட்டிருக்கிறாய். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். அங்கே இருந்தவள் நான், நான் சொல்கிறேன்.

உன் மாமன் கெட்டவன் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. கெட்டவனாக இருந்தால் இத்தனை கோபம் வராது, ஒதுங்கிப் போயிருப்பேன். உன் அப்பா போனபோது பதினாறாம் நாள் வரைக்கும் நம் வீட்டு வாசலிலேயே படுத்துக் கிடந்தான். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து, நீ கீழே விழுந்தால் சைக்கிளைத் திட்டியவன். எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் கட்சியில் சேர்ந்து வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்த நாளிலிருந்து அவனுக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எதையும் ஊர் சார்பாகச் சொல்கிறேன் என்றுதான் சொல்வான். பசிக்கிறது என்பதைக்கூட ஊர் சார்பாகத்தான் சொல்வான் போலிருக்கிறது.

நீ காலேஜில் இருந்தபோது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கல்விச் சீர் கொண்டுபோனோமே, போட்டோ அனுப்பினேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குச் சீர் எடுத்துப் போகிற மாதிரியே, பம்பை மேளத்தோடு, தட்டுத் தட்டாக. ஒருவர் மின்விசிறி, ஒருவர் தண்ணீர் ட்ரம், ஒருவர் பாய்க்கட்டு. காலனியில் இருந்து ஏழுமலையும் அஞ்சலையும் சுவர்க் கடிகாரம் வாங்கி வந்தார்கள். அவன் வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு அடிக்கிறவன், அவள் டவுனில் வெள்ளைக்காரத் தெரு கெஸ்ட் ஹவுஸில் அறை துடைக்கிறவள். அவர்கள் வீட்டில்கூட கடிகாரம் கிடையாது. டீச்சரம்மா வாசலில் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு நின்றது, பெண்ணின் மாமியார் நிற்கிற மாதிரியே இருந்தது. எல்லோருக்கும் முன்னால் உன் மாமன், டெம்போவில் இரும்பு பீரோ ஏற்றிக்கொண்டு. பீரோக் கதவில் சிவப்புப் பெயின்ட்டில் அவன் பெயர். பிள்ளைகளின் புத்தகம் வைக்க எத்தனை இடம் இருந்ததோ தெரியாது, பெயருக்குக் கதவு முழுக்க இடம் இருந்தது. 'கல்விக் காவலர்' என்று பஸ் ஸ்டாப்பில் பேனர் வேறு.

அந்தக் காவலர்தான் போன வருஷம் பள்ளிக்கூடத்தை மூடவைத்தான்.

கோடை லீவுக்கு முன்னால் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கடலூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடலாமா, ஊர் என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு. உள்ளாட்சித் தேர்தல் நடந்து பல வருஷம் ஆகிறது, மெம்பர் என்று மேடையில் உட்கார யாரும் இல்லை. அதிகாரி ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான். "நீங்க சொல்றத அப்படியே மேல அனுப்புறேன், முடிவு இங்க கிடையாது" என்றார். டீச்சரம்மா அரசு ஊழியர், வாயைத் திறக்கக் கூடாது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் மாமனின் வேன்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றிருக்கும். காலையில் தெருத்தெருவாக ஹாரன் அடித்து, டை கட்டின பிள்ளைகளை அள்ளிக்கொண்டு லாஸ்பேட்டை பக்கம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போவது அவன் வேன்தானே. மிச்சம் இருந்தது வேனுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள்.

அஞ்சலைதான் முதலில் எழுந்தாள். "நாங்க விடியறதுக்கு முன்னாடி வேலைக்குப் போயிடறோம் சார். அந்த ரோட்டுல பஸ்ஸும் லாரியும் எப்படிப் போவுதுன்னு நீங்களே பாத்துக்குனுதான வர்றீங்க. எம்பொண்ணு எப்படித் தாண்டும்?" என்றாள். அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அப்போது உன் மாமன் மைக்கை வாங்கினான். தட்டிப் பார்த்தான், இரண்டு தரம் ஊதினான்.

"ஊர் சார்பா பேசுறேன்" என்று ஆரம்பித்தான். ரோடு தாண்டுவதைப் பற்றிக் கவலையே வேண்டாம், நானே இலவசமாக வேன் விடுகிறேன் என்றான். கைதட்டினார்கள். நம்ம ஊருக்கு ஒரு கல்யாண மண்டபம் இல்லை, ஒவ்வொரு விசேஷத்துக்கும் அரியாங்குப்பத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது, பள்ளிக்கூடத்து இடம் காலியானால் மண்டபம் கேட்டு வாங்கலாம் என்றான். பிரான்சிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள்கூட நம் ஊரில் வந்து விசேஷம் வைப்பார்கள் என்றான். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினான்.

"மொதல் கல்யாணமே எங்க அக்கா மவன் கல்யாணந்தான். எங்க அக்காவுக்கும் சம்மதந்தான்" என்றான்.

மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டானா? உன் கல்யாணத்தை, என் வயிற்றில் பிறந்தவன் கல்யாணத்தை, பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போடுகிற சாவியாக எடுத்து எல்லோருக்கும் முன்னால் ஆட்டிக் காட்டினான். நான் எழுந்து, "எனக்குச் சம்மதம் இல்ல. நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றேன். அவன் மைக்கிலேயே சிரித்தான். "அக்கா அந்தக் காலத்து ஆளு. உட்காரு உட்காரு, உனக்கு ஏ.சி. ரூமே போட்டுத் தரேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சமைத்துப் போட்டுச் சாப்பிட்டவர்கள், என் வீட்டுத் துக்கத்துக்கு வந்து அழுதவர்கள், எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஏழுமலை ஒருவன்தான் பின்னால் இருந்து, "அந்தம்மா பேசி முடிக்கட்டும், அப்புறம் சிரிங்க" என்று கத்தினான். அவனை உட்காரச் சொல்லி நாலு பேர் அதட்டினார்கள்.

உன் அப்பா வேலை பார்த்த மில்லை மூடும்போதும் இப்படித்தான், தற்காலிகம் என்றார்கள், எல்லோருக்கும் வேறு ஏற்பாடு உண்டு என்றார்கள். கேட்டில் துருப் பிடித்ததுதான் மிச்சம். அது யாரோ எங்கிருந்தோ செய்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இதைச் செய்தது என் கூடப் பிறந்தது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கவில்லை. இலவச வேன் கொஞ்ச நாள் வந்தது. பிறகு ஒருநாள் டயர் இல்லை, ஒருநாள் டிரைவர் இல்லை, பிறகு வேனே இல்லை. பெரிய பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி நடந்து போகப் பழகிக்கொண்டார்கள். அஞ்சலையின் பெண் ரோஜா மட்டும் நின்றுவிட்டாள். நாலாவது படிக்கிறவள். அவளுக்கு ஒரு தம்பி, இப்போதுதான் பேச்சு வருகிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வராண்டாவில்தான் பால்வாடி இருந்தது, கட்டடத்தோடு அதுவும் போய்விட்டது. பெரிய பள்ளிக்கூடத்தில் கைக்குழந்தையைக் கூட்டிவராதே என்று சொல்லிவிட்டார்கள். அது அவர்கள் சட்டம். அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் போய்விட, இவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க வாசலில் நிற்கிறாள். நான் பார்த்துக்கொள்ளலாம் என்றால் எனக்கும் டவுனில் சமையல் வேலை, வீடு திரும்ப மூன்று மணி ஆகிறது.

ஒருநாள் வேலை விட்டு வரும்போது அவள் அப்படி நிற்பதைப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நானும் அப்படித்தானடா நின்றேன். அம்மா கழனிக்குப் போய்விடுவாள், உன் மாமன் என் இடுப்பில். ஆனால் நான் அவனைத் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அன்றைக்கு இருந்த வாத்தியார், "பரவால்ல, அவனும் ஒரு ஓரமா ஒக்காரட்டும்" என்றார். அவன் சாக்பீஸைத் தின்றுகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுமந்தும் என் படிப்பு நிற்கவில்லை என்றால், அது அந்தப் பள்ளிக்கூடத்தால்தான். அந்தக் கதவைத்தான் இவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சாத்தினான். அன்றைக்குத்தான் எனக்கு முடிவாகப் பகை வந்தது. அதுவரைக்கும் இருந்தது வெறும் அவமானம்.

பகை வந்த பிறகு மனசு எவ்வளவு தெளிவாக இருக்கிறது தெரியுமா? தூக்கம்கூட நன்றாக வந்தது.

விசாரித்தேன். சீர் சாமான் எல்லாம் உன் மாமனின் வேன் ஷெட்டில் கிடந்தது. ஊர் கொடுத்தது, அரசாங்கக் கணக்கில் வராது, பாதுகாப்பாக வைத்திருக்கிறேன் என்று எடுத்துப் போயிருக்கிறான். சீர் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போனேன். "பொண்ணு வாழ்க்கை முறிஞ்சா சீரை என்னா பண்ணுவீங்க?" என்று மட்டும்தான் கேட்டேன். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்ப எடுத்து வருவோம் என்றார்கள். அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்த பெண்களும் வந்தார்கள், கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு.

முறிந்த இடத்துச் சீரைச் சத்தம் இல்லாமல்தான் எடுத்து வருவார்கள். நான் பம்பை வைத்தேன். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து. ஷெட்டில் இருந்த டிரைவர் பையன் எங்களைப் பார்த்ததும் சாவியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். மின்விசிறி, ட்ரம், பாய், கடிகாரம் எல்லாவற்றையும் எடுத்தோம், பீரோவை மட்டும் ஒரு டெம்போவில் ஏற்றினோம். நம் பிள்ளைகள் ஒண்ட வந்தவர்கள் மாதிரி பெரிய பள்ளிக்கூடத்தில் நுழையக் கூடாது, சீரோடு வந்தவர்கள் என்று தெரியட்டும் என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைப்பதாக, ஞாயிறானாலும் திறந்து வைக்கச் சொல்லி ஏற்பாடு. ஆனால் நேர் வழியில் போகவில்லை. உன் மாமன் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம்.

அவன் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னேன். பம்பைக்காரர் சீர் கொடுத்த ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொல்லிக் கூவினார். கடைசியில் பீரோவை டெம்போவிலிருந்து இறக்கி, பெயர் எழுதின கதவு தெருவைப் பார்க்கிற மாதிரி, அவன் வாசலுக்கு நேராக வைத்தோம். "இந்தச் சீர் வந்த வீட்டுக்கே திரும்புது!" என்று கூவினார். உன் மாமன் லுங்கியோடு வெளியே ஓடி வந்தான்.

"அக்கா, என்னாக்கா இது? ஊரே சிரிக்குது" என்றான்.

"அன்னிக்கு உன் மைக்குல சிரிச்சாங்களே, அதே ஊருதான்டா" என்றேன்.

மற்ற சாமான்கள் ரோட்டைத் தாண்டிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு ராத்திரி ருசித்த மாதிரி உன் அப்பா போன பிறகு எனக்குச் சோறு ருசித்ததே இல்லை. அவன் பொண்டாட்டிக்குத் திரும்பி வந்த சீரை வீட்டுக்குள் எடுக்கப் பயம், குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரே பிடிவாதம். தெருவில் விடவும் முடியாது, காயலாங்கடைக்குப் போடவும் முடியாது, அவன் பெயர் அல்லவா எழுதியிருக்கிறது. ஐப்பசி மழை முழுக்க பீரோ வாசலிலேயே நின்றது. அடியில் ஒரு தெருக்கோழி முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்தது. நான் கடைக்குப் போகிறதாக இருந்தால் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகத்தான் போவேன்.

"போதும்மா, பழிவாங்கியாச்சு" என்று நீ சொல்வாய். உனக்குப் பழிவாங்குவதைப் பற்றி என்ன தெரியும்? பீரோ நனைந்ததில் ரோஜா பள்ளிக்கூடம் போனாளா? அவன் தலை குனிந்தது, என் மனசு நிறைந்தது, அவள் அதே வாசலில்தான் நின்றாள். அப்புறம் எப்படிப் போதும்?

நடுவில் உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், கல்யாணம் ஆகப்போகிறவன் என்பதால். வரப்போகிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்காக நீ தலையாட்டாதே. "அவளுக்கும் சம்மதந்தான்" என்று பெரியவர்கள் முன்னால், நண்பர்கள் முன்னால், என் முன்னால்கூடச் சொல்லிவிடாதே. அடித்தால்கூட மறந்துபோகலாம், கேட்காமல் சம்மதம் சொன்னவனை மறக்கவே முடியாது. அவள் வேண்டாம் என்று எழுந்து நின்றால் சிரிக்காதே. மற்றவர்கள் சிரித்தால், அந்த ஏழுமலை மாதிரி ஒரு சத்தம் போடு. என்னிடம் நீ கற்றுக்கொள்ள வேறு எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பொங்கல் முடிந்த மறுவாரம் நானே உன் மாமன் வீட்டுக்குப் போனேன். நீ போன் செய்தபோது இதை உன்னிடம் சொல்லவில்லை, அவனும் சொல்லியிருக்கமாட்டான். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், உன் பத்திரிகை. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியுங்க்கா, நீ வருவேன்னு" என்றான். அவன் தட்டை வாங்கக் கையை நீட்டினான், நான் கொடுக்கவில்லை.

"கல்யாணத்துக்கு வா. பட்டம் யார் கட்டறதுன்னு இன்னும் முடிவு பண்ணல" என்றேன்.

"நான் இருக்கும்போது வேற யாருக்கா?"

"ஏழுமலை இருக்கான். அன்னிக்கு எனக்குக் கூடப்பொறந்தவனா நின்னது அவன்தான்."

முகம் செத்துப்போயிற்று. "காலனி ஆளா? ஊர் ஒத்துக்குமா? பொண்ணு வீட்டுல என்னா நெனைப்பாங்க?" என்றான். பெண் வீட்டில் பேசிவிட்டேன், அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஊரை நீ ஊர் சார்பாகப் பார்த்துக்கொள் என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். நாளையிலிருந்து தினமும் காலையில் வேன் காலனி முனையில் நிற்க வேண்டும், டிரைவர் வேண்டாம், நீயே ஓட்ட வேண்டும். ரோஜாவை அந்தப் பள்ளிக்கூடத்தில் விடு. அவள் திரும்பி வருகிறவரை அவள் தம்பி உன்னிடம் இருப்பான். உன் பொண்டாட்டியிடம் தள்ளிவிடக் கூடாது, அவள் மைக் பிடிக்கவில்லை.

"ஆபீசுக்கு நாலு பேரு வர்ற எடங்க்கா. கொழந்தைய எங்க வெச்சிக்கறது?"

"இடுப்புல வெச்சிக்க."

"இதெல்லாம் பண்ணா பட்டம் எனக்குத்தான?"

"பண்ணு, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் தட்டை அவன் கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ரோஜா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிறாள், என்னைப் பார்த்தால் கையாட்டுகிறாள். உன் மாமன் வெள்ளைச் சட்டையோடு அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டீக்கடையில் நிற்கிறான். போன வாரம் கட்சிக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினாராம், குழந்தை அவர் துண்டை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டதாம். இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நேற்று அவன் அந்தப் பிள்ளைக்குத் தன் கையால் இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல வந்துவிட்டேன். அதனால் அம்மா இளகிவிட்டாள் என்று கணக்குப் போடாதே. பள்ளிக்கூடத்துக் கேட்டில் இன்னும் பூட்டு தொங்குகிறது. மண்டபத்துக்கு ஒரு செங்கல்கூட வரவில்லை.

அவன் உனக்கு மறுபடியும் போன் செய்வான். "அக்கா என்னா முடிவு பண்ணியிருக்கு, கொஞ்சம் கேட்டுச் சொல்லு மாப்ள" என்பான். இப்போதெல்லாம் அவனுக்குத் தூக்கம் வருவதில்லையாம், அவன் பொண்டாட்டி சொன்னாள். வராமல் இருக்கட்டும். முகூர்த்தம் வரைக்கும், மணவறையில் நான் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வரைக்கும், அவன் ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்து, பட்டம் யாருக்கு என்று தெரியாமலேயே அந்த வேனை எடுக்க வேண்டும். யார் கட்டுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். உனக்கும் சொல்லமாட்டேன். உன் அப்பா மாதிரி நீயும் இளகின மனசுக்காரன், அவன் ஒரு தரம் மூக்கை உறிஞ்சினால் சொல்லிவிடுவாய்.

அம்மா